சரஸ்வதி பூஜையன்று அலறிய மடிக்கணினி

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் சுள்ளென்று வெயில். இரண்டு மணிக்கு மேல் இடி, மழை. மூங்கில் கழியில் காயப்போட்ட துணி பாதி ஈரத்தோடு உள்ளே. வீடு முழுக்க ஈர வாடை.

புதன்கிழமை சரஸ்வதி பூஜை. தேக்கா சந்தையில் வாங்க வேண்டியவை: சாமந்தி, வாழை இலை, பொரி, அவல், கறுப்புக் கொண்டைக்கடலை. வீட்டுக்காரருக்குக் கண் சொட்டு மருந்து. (இனி வீ.கா. என்றே எழுதுவேன். இந்த நோட்டில் அவர் பேர்தான் அதிகம், கை வலிக்கிறது.)

சமூக மன்றத்திலிருந்து புவனா போன், என் பழைய மாணவி. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை நிகழ்ச்சியாம். "டீச்சர், பிள்ளைங்க நாடகம் ஒண்ணு வேணும். நீங்களும் ஜமீலா டீச்சரும் போட்டீங்களே, லிஃப்ட் நாடகம்! நான் அதுல அஞ்சாவது மாடிப் பொண்ணு. மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை. அஞ்சாவது மாடி மேடையில் அழுதது. "இந்த சண்டே ரிஹர்சல் ஸ்டார்ட் பண்ணிடலாம், ஸ்கிரிப்ட் மட்டும் அனுப்பிடுங்க லா." சரி என்றுவிட்டேன்.

லிஃப்ட் நாடகம். தீபாவளிக்கு முதல் நாள் ஒரு அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றுவிடும். உள்ளே ஏழு பேர். பத்து வருஷமாக ஒரே புளோக், ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது. நீங்கள் பேசினால்தான் நகர்வேன் என்று லிஃப்ட் அடம் பிடிக்கும். மனிதர்கள் பேசுவது நான் எழுதியது. லிஃப்ட் பேசுவதெல்லாம் ஜமீலா எழுதியது. திரைக்குப் பின்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலையும் அவளே கொடுத்தாள். பிள்ளைகள் மேடையில் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தன.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து சில நாளில் ஜமீலாவுக்கு ஸ்ட்ரோக். வலது கை அசைவதில்லை, பேச்சு இல்லை. எல்லாம் புரிகிறது. சொல்ல வரவில்லை. "ஆமா", "இல்ல", "தண்ணி", மகள் பேர். அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் ஆசிரியர் அறையில் யாரையும் பேச விடாதவள்.

போன தடவை போனபோது இடது கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கட்டிலை உயர்த்தச் சொல்கிறாள் என்று மகள் நஸீரா உயர்த்தினாள். ஜமீலா கண்ணை மூடிக்கொண்டாள். புவனா போனை வைத்தபிறகு தோன்றியது: அது லிஃப்டா?

அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்து இதைக் காட்ட வேண்டும். காட்டியே ஆக வேண்டும்.

மடிக்கணினியைத் திறந்தேன். ஃபைல் இருந்தது, உள்ளே நாடகம் இல்லை. பக்கம் பக்கமாகக் கோணல் கொக்கிகள், டாலர் குறி, தலையில் புள்ளி வைத்த வெள்ளைக்கார எழுத்து. ஒரு வரி தமிழ் இல்லை. அச்சடித்த பிரதி தெம்பனிஸில் இருந்த பழைய வீட்டை மாற்றியபோதே போயிற்று.

இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் 'கெட்டுப்போன ஃபைலைச் சரிசெய்ய' என்று பச்சைப் பொத்தான். அழுத்தினேன். 'சரி' 'சரி' என்று வேறு இரண்டு மூன்று. திரை முழுக்கச் சிவப்பு! ஊளை! ஒரு பெண் ஆங்கிலத்தில் எச்சரிக்கை, எச்சரிக்கை என்கிறாள். நானூற்றுச் சொச்சம் வைரஸாம், ஃபைல்கள் கெட்டுவிட்டனவாம், கணினியை அணைத்தால் எல்லாம் அழியுமாம். கீழே ஒரு போன் நம்பர்.

கெட்டுவிட்டதைத்தான் கண்ணாலேயே பார்த்தேனே. அப்படியே நம்பினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

கணினியை அணைக்கவில்லை. பயம். இரவெல்லாம் சாப்பாட்டு மேசையில் எரிந்துகொண்டே. அரை மணிக்கு ஒருதரம் ஊளை. மேலே துண்டைப் போட்டு மூடினேன்.

வீ.கா. எழுந்ததும், "என்ன, வீட்ல ஃபயர் அலாரமா?" சொன்னேன். "அணை" என்றார். அணைத்தால் அழிந்துவிடும் என்றேன். "யாரு சொன்னா?" அதுதான் சொன்னது என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காப்பிக் குவளையோடு போய்விட்டார். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கரண்டில் ஓடும் எதையும் தன்னால் சரிசெய்ய முடியும் என்று நினைப்பு. லிஃப்ட் நாடகத்தையே அந்தக் காலத்தில் குறை சொன்னவர்: "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா அது பிரேக், கோவம் இல்ல."

அவர் சந்தைக்குப் போன நேரம் பார்த்து நம்பரைக் கூப்பிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. கீழே லிஃப்ட் பக்கத்தில் மோசடி பற்றிய சுவரொட்டி நாலு மொழியில் ஒட்டியிருக்கிறது. தினமும் நின்று படிக்கிறேன். ஒற்று மிகுந்திருக்கிறதா, மிகாமல் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர என்ன சொல்கிறது என்று பார்த்தேனா? ஆசிரியப் புத்தி.

ஓர் ஆண் குரல். என் ஆங்கிலத்தை இரண்டு வாக்கியம் கேட்டதுமே, "அம்மா, நீங்க தமிழா?" எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா பதறாதீங்கம்மா, நான் இருக்கேன்மா. என்ன மரியாதை. கெட்டுப்போன ஃபைல் எது என்று கேட்டான். நாடகத்தைப் பற்றி, ஜமீலாவைப் பற்றி, எல்லாம் கொட்டினேன். "பாவம்மா" என்றான். பிறகு, அவன் அங்கிருந்தே என் திரையைப் பார்க்க ஒரு நிரலை இறக்க வேண்டும், அதற்கு முன்னால் வங்கி அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றான்.

பைக்குள் அட்டையைத் தேடினேன். உண்மை. தேடினேன்.

நடுவில், நாளைக்குப் பூஜை தம்பி, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுமா, புத்தகத்தோடு கணினியையும் சாமி முன்னால் வைப்பது எங்கள் வழக்கம் என்றேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல கார்டு நம்பர்." குரல் மாறிவிட்டது. பூஜை சாமானெல்லாம் எடுத்துவைக்க வேண்டும், வியாழன் காலையில் கூப்பிடுகிறேன் என்றேன். "வியாழக்கிழமை ஒண்ணும் இருக்காதும்மா. நாளைக்கே எல்லாம் அழிஞ்சுடும். உங்க ஃப்ரெண்டுக்காகவாச்சும் யோசிங்க."

கொண்டைக்கடலை ஊறவைக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன், போனை.

அவன் சொன்னது பொய்யா? நிஜமாக இருந்தால்?

மத்தியானம் ஒரு தாளில் நாடகத்தை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன். என் பாதி வருகிறது: மளிகைக் கடைக்காரர், நாய் வளர்க்கும் அம்மா, தேர்வுக்குப் படிக்கும் பையன். லிஃப்ட் வாயைத் திறக்கும் இடமெல்லாம் காலி. ஒரு வரிகூட வரவில்லை. ஜமீலா எழுதியதை நான் எழுத முடியுமா? எழுதிப்பார்த்தேன், லிஃப்ட் என்னை மாதிரியே உபதேசம் செய்கிறது. கிழித்துப்போட்டேன்.

சாயங்காலம் சாமி அறை துடைத்தது. புத்தகங்கள், வீ.கா.வின் ஸ்பேனர் பெட்டி, என் கண்ணாடி, கணினி. அணைக்க மனமில்லாமல் எரியவிட்டே வைத்தேன். "சரஸ்வதியே பாத்துக்கட்டும்" என்றார் வீ.கா. கிண்டல்.

இந்த நோட்டும் இப்போது போகிறது.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

நேற்று எழுதவில்லை. புத்தகமும் பேனாவும் பூஜையில் இருக்கும் நாளில் படிக்கவோ எழுதவோ கூடாது, எதையும் தொடவும் கூடாது. அம்மா சொன்னது, நானும் விடாமல் செய்கிறேன். காலையில் நோட்டை எடுத்தேன், அட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது.

நேற்று நடந்தது, மறப்பதற்குள்:

கற்பூரம் காட்டும்போது சரியாக ஊளை. 'எச்சரிக்கை! எச்சரிக்கை!' வீ.கா. தட்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கோபம் வந்தது, பிறகு எனக்கும் சிரிப்பு. கணினிக்குக் குங்குமம் வைத்தபோது கேமரா கண்ணிலேயே வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி எட்டிப் பார்த்திருந்தால் ஒரே சிவப்புதான்.

பிறகு நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லை. படிக்கக் கூடாது. எழுதக் கூடாது. கணினியைத் தொடக் கூடாது. நம்பரைத் திரும்பக் கூப்பிடக் கை துறுதுறுத்தது, ஆனால் கூப்பிட்டால் கணினியைத் தொடச் சொல்வான். சாமி அறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் உட்காருவது மாதிரி. அந்தத் திருட்டு நிரல் திரையைத் தூங்கவே விடவில்லை. சிவப்பு இப்போது ஓரத்தில் ஒரு பெட்டியாகச் சுருங்கியிருந்தது, மீதியில் நாடகத்தின் முதல் பக்கம், அதே கொக்கியும் டாலரும்.

பார்க்கப் பார்க்க ஒன்று கண்ணில் பட்டது. வரி ஆரம்பத்தில் ஒரே மாதிரி ஐந்தாறு குறி, பிறகு முக்காற்புள்ளி. நாலு வரி தள்ளி அதே குறிகள், அதே முக்காற்புள்ளி. இடையில் வேறொரு கூட்டம், அதுவும் திரும்பத் திரும்ப வருகிறது. நாடகத்தில் வரி ஆரம்பத்தில் என்ன இருக்கும்? பேசுகிறவர் பேர்! அடிக்கடி வரும் சின்னப் பேர் லிஃப்டாக இருக்க வேண்டும்.

கரையான் அரித்த புத்தகத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே எழுத்தையா அரித்திருக்கும்? இது கெடவில்லை. உள்ளே எல்லாம் வரிசையாக இருக்கிறது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலைப் படித்தவள், இது மட்டும் முடியாதா?

வீ.கா.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். தூர நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உற்றுப் பார்த்தார். "அப்போ அந்த சிவப்புப் பொட்டி சொல்றது பொய்." ஆமாம். "அணைச்சா அழியும்ங்கறதும் பொய்." இருக்கலாம். "போன்ல பேசினியா?" எப்படிக் கண்டுபிடித்தாரோ. சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "கார்டு நம்பர் குடுத்தியா?" இல்லை. "சரி." போய்ச் சுண்டல் எடுத்துவந்து எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்.

அந்தத் தம்பி சொன்ன கெடு முடிந்தது. ஒன்றும் அழியவில்லை.

இன்று காலை பூஜை கலைத்ததும் முதல் வேலை. வீ.கா. ஸ்பேனர் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார், எதற்கென்று தெரியவில்லை. "லிஃப்ட் ரிப்பேர்னா மொதல்ல என்ன செய்வேன்? மெயினை நிறுத்துவேன். அதுக்கு முன்னாடி உள்ள ஆள் இருக்கான்னு பார்ப்பேன்." உள்ளே ஏழு பேரும் ஒரு லிஃப்டும் இருக்கிறார்கள் என்றேன்.

அதனால் நாடகம் இருந்த ஃபோல்டரை முதலில் யூஎஸ்பியில் எடுத்துவைத்தோம். நகல்தான் எடுத்தாரோ, வெட்டி நகர்த்திவிட்டாரோ, அவருக்கே நிச்சயமில்லை. பிறகு வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஊளை நின்றது. வீடு என்ன அமைதி.

அவர் போனில் பார்த்துப் படிக்கப் படிக்க நான் செய்தேன். நிறுவியிருக்கும் நிரல்களின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினால் திங்கட்கிழமை வந்தவை மூன்று. மூன்றும் நான் 'சரி' 'சரி' என்று அழுத்தியவை. இரண்டு சொன்னவுடன் போயின. மூன்றாவதுதான் சிவப்புப் பெட்டி. நீக்கச் சொன்னால் 'உங்கள் பாதுகாப்பு போய்விடும், நிச்சயமா?' என்று பல்லைக் காட்டுகிறது, போகமாட்டேன் என்கிறது. வீ.கா.வுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. "சேஃப் மோடு"க்குப் போ என்றார். அதாவது கணினி தனக்கு அவசியமானதை மட்டும் போட்டுக்கொண்டு எழுந்திருக்கும், ஒட்டுண்ணியெல்லாம் வெளியே நிற்கும். மூன்றாவது முயற்சியில் எழுந்தது. நீக்கு. போயிற்று, ஒரு சத்தமும் இல்லாமல்.

உலாவியிலும் அது ஒரு கொக்கியை மாட்டிவைத்திருந்தது, 'அறிவிப்பு அனுப்ப அனுமதி' என்று. அதையும் எடுத்தாயிற்று. கணினியோடு வந்த வைரஸ் காவல்காரனையே முழுக்கத் தேடச் சொன்னோம். வேறொன்றும் இல்லை. வங்கிக்குள் நுழையும் கடவுச்சொல்லைப் போன் வழியாக மாற்றினேன். வங்கிக்கும் பேசிச் சொல்லிவைத்தேன். போனில் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள், திட்டவில்லை. ஏனோ எல்லோரும் இன்று திட்டாமல் இருக்கிறார்கள்.

கணினி சுத்தம். நாடகம் இன்னும் கொக்கிதான்.

மதியம் நல்ல மழை.

அக்டோபர் 3, வெள்ளி

இங்கே இன்று சிறுவர் தினம். பள்ளி விடுமுறை, கீழே விளையாட்டிடத்தில் ஒரே கூச்சல்.

புவனா குறுஞ்செய்தி: டீச்சர், ஸ்கிரிப்ட்? பிறகு கைகூப்பும் படம். லிஃப்ட் பாகத்துக்குக் குரல் எடுப்பான பிள்ளை கிடைக்கவில்லையாம், எல்லோருக்கும் மேடையில் முகம் தெரிய வேண்டுமாம். பதில் போடவில்லை.

காலையில் வீ.கா. இன்னும் பெருக்குகிற வேகத்தில் இருந்தார். தெரியாத ஃபைலையெல்லாம் நேற்று மாலையே குப்பைத்தொட்டியில் தள்ளியிருக்கிறார். "காலி பண்ணிடவா?" சரி என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே.

தொட்டியில் ஏழெட்டு. ஒன்றின் பேர் ஆங்கிலத்தில் அர்த்தமில்லாத எழுத்து, பக்கத்தில் ஒரு குட்டி 'A' படம். எங்கே இருந்தது என்று கேட்டேன். "உன் நாடக ஃபோல்டர்லதான். நாடகம் இல்ல, படம் இல்ல. வைரஸ் குட்டி போட்டிருக்குன்னு தூக்கினேன்."

சட்டென்று ஆசிரியர் அறை ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு தமிழ் ஃபாண்ட். ஒரு பள்ளியில் அடித்தது அடுத்த பள்ளியில் கொக்கியாகத்தான் தெரியும். எத்தனை சண்டை! போன் செய்து, உன் கடிதம் கொக்கியாக வருகிறது, ஃபாண்டை அனுப்பு என்போம். இப்போது எல்லாம் தானாகத் தெரிவதால் சுத்தமாக மறந்துவிட்டேன். ஜமீலா மட்டும் யாரிடமும் கேட்கவைக்க மாட்டாள். எதை அனுப்பினாலும் ஃபாண்டையும் கூடவே வைத்துத்தான் அனுப்புவாள். சோறு கட்டினால் ஊறுகாயையும் கட்டுகிற கை.

இருக்கும் இடத்திலேயே இருந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் தேடி ஒரு திருடனை வீட்டுக்குள் கூட்டிவந்தேன்.

எடுத்தேன். வீ.கா. "பாத்து, பாத்து" என்கிறார். இது ஜமீலா வைத்தது, ஒன்றும் செய்யாது என்றேன். இருந்தாலும் அவர் திருப்திக்குக் காவல்காரனிடம் ஒருதரம் காட்டினோம். பழுதில்லை. நிறுவினேன். நாடகத்தைத் திறந்தேன்.

தமிழ்.

முதல் வரி: 'லிஃப்ட்: (கொட்டாவி விடும் சத்தம்)'.

அழுதுவிட்டேன். வீ.கா. பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுப் பக்கமும் படித்தார். "பிரேக்கை ஒரு இடத்துலயாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

அச்சடித்து இரண்டு பிரதி. ஒன்று நாளைக்குக் காத்தோங்குக்கு, ஜமீலா வீட்டுக்கு.

அக்டோபர் 4, சனி

பாய லேபாரில் ரயிலை விட்டு இறங்கி பஸ். கூட்டம். குடை மறந்தேன், மழை வரவில்லை.

நஸீரா கதவைத் திறந்தாள். "ஆன்ட்டி, காலையிலேர்ந்து ஒரே கோவம். தெரபிஸ்ட் கிட்ட வாயே திறக்கல." ஜமீலா சன்னல் பக்கம் நாற்காலியில். மெலிந்துவிட்டாள். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினாள். மேலே, கீழே.

"லிஃப்டா?" என்றேன்.

"ஆமா! ஆமா, ஆமா!" கண்ணில் தண்ணீர், கூடவே முறைப்பு. இவ்வளவு நாள் ஆயிற்றா உனக்கு என்கிற அதே பழைய முறைப்பு.

காகிதத்தை எடுத்தேன். ஃபாண்ட் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். தெரியும் எனக்கு, என்பது மாதிரி.

படிக்க ஆரம்பித்தேன். எல்லாப் பாத்திரமும் நானே. லிஃப்ட் வரும் இடத்தில் அவளை மாதிரி மூக்கைப் பிடித்துப் பேசினேன், நன்றாக வரவில்லை. அவள் தோள் குலுங்கியது, சிரிப்பு. நஸீரா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றுவிட்டாள்.

லிஃப்ட் நிற்கும் இடம். நான், பையன் குரலில்: "லிஃப்டே, லிஃப்டே, ஏன் நின்னுட்டே?"

அடுத்த வரி லிஃப்ட். பக்கத்தைத் திருப்ப வேண்டியிருந்தது, தாள் ஒட்டிக்கொண்டது.

"நீங்க பேசற வரைக்கும்," என்றது ஒரு குரல், "நான் நகர மாட்டேன்."

ஜமீலா. இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் குழறல், ஆனால் முழு வாக்கியம். நஸீரா கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "உம்மா" என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

நான் திரும்பக் கேட்டேன். திரும்பச் சொன்னாள். சாதாரணமாக ஏதாவது கேட்டால் பழையபடி "ஆமா", "இல்ல"தான். தண்ணீர் வேண்டுமா, கட்டிலுக்குப் போகலாமா, ஒன்றும் வரவில்லை. ஆனால் பையன் குரலில் கேட்டால் லிஃப்ட் பதில் சொல்கிறது. மூன்றாம் காட்சியில் இரண்டு வரி வந்தது. நாலாவதில் ஒன்று திணறி, பாதியில் நின்று, எரிச்சலில் நாற்காலியைத் தட்டினாள். விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

பாட்டும் மனப்பாடமாக இருந்ததும் சிலருக்கு அப்படி வரும் என்று தெரபிஸ்ட் முன்பே சொன்னாராம், நஸீரா சொன்னாள். ஓதுவது வருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள், உதடு அசையும், சத்தம் வராது. நாடகத்தை யாருக்குத் தோன்றும்?

கிளம்பும்போது ஒரு பிரதியை மடியில் வைத்தேன். கையை எடுக்கவில்லை.

பஸ்ஸில் ஏறினதும் புவனாவுக்கு போன். ஸ்கிரிப்ட் அனுப்புகிறேன், ஃபாண்டும் கூடவே வரும், இரண்டையும் எடுத்துக்கொள் என்றேன். "ஓகே டீச்சர். லிஃப்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கல லா." கிடைத்தாயிற்று என்றேன். மைக் மட்டும் வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மேகமூட்டம். மூன்று மணிக்கு ஒத்திகை.

எடுத்துப் போக: பிரதிகள், உறையிட்ட பிஸ்கட், வெந்நீர்ப் போத்தல், ஸ்ட்ரா. நஸீரா இரண்டரைக்கு டாக்சியில் கூட்டிவருகிறாள்.

மன்றத்தில் மேடைக்குப் பின்னால் போகும் கதவு குறுகல் என்று ஞாபகம். வீ.கா. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இப்போதே போய்விட்டார், சக்கர நாற்காலி நுழையுமா என்று பார்க்க.